முதல் காம்பராவின் கூரை

ஜீவராணிக்குப் பொழுது விடிவது கண்ணில் அல்ல, விரலில். கோதுமை மாவில் தேங்காய்ப்பூவைப் போட்டு உப்புத் தண்ணீர் தெளித்துப் பிசையத் தொடங்கியதும், தேயிலைக் கொழுந்து கிள்ளிக் கிள்ளி வெடித்துப்போன விரல்களில் உப்பு இறங்கிச் சுரீரென்று எரியும். அந்த எரிச்சலில்தான் தூக்கம் முழுசாகக் கலையும். அதற்கு முன்னமே அவள் பீலிக்கரைக்குப் போய்க் குடத்தில் தண்ணீர் பிடித்து வந்திருப்பாள். மலையில் இடுப்பில் சுற்றிக்கொள்கிற, நேற்று நனைந்த படங்கை உதறிக் கொடியில் போட்டிருப்பாள். பள்ளிக்கூடம் போகிற மகள் சர்மிளாவை இரண்டு தரம் திட்டி எழுப்பியும் இருப்பாள். புருஷன் மாயாண்டி கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை. தீபாவளிக்கு வந்தால் உண்டு. கொழுந்து மலைக்குப் போவதற்கு முன்னால் இந்தத் தோட்டத்துப் பெண்கள் வீட்டுக்குள்ளேயே ஒரு மலை ஏறி இறங்கியாக வேண்டும். அதை, பேர் பதிகிற எந்தக் கண்டாக்கும் வேலை என்று எழுதியது கிடையாது.

அன்றைக்கும் அப்படித்தான். விடாத மழை. நோட்டன் பிரிட்ஜுக்கு மேலே, கறுக்கமலைத் தோட்டத்துக் கீழ்ப் பிரிவு லயத்தில், ஒட்டி ஒட்டிக் கட்டிய பத்து ஒற்றையறைக் காம்பராவிலும் பெண்கள் எழும்பியாகிவிட்டது. தகரத்தில் மழை விழுகிற சத்தத்தோடு அடுப்புகள் 'பீப்' 'பீப்' என்று கத்துகிற சத்தமும் வரிசையாகக் கேட்டது. ஆமாம், இப்போதெல்லாம் இங்கே அடுப்பு கத்துகிறது. கறுப்புக் கண்ணாடிப் பலகை ஒன்று, அதன் நெற்றியில் சிவப்பாய் எரிகிற எண். தீ கிடையாது, புகை கிடையாது, குனிந்து ஊதுகிற வேலையும் கிடையாது. ஜீவராணி அந்தக் கண்ணாடி மேல் ரொட்டி சுடுகிற இரும்புக் கல்லை வைத்து, அதற்கு மேல் அலுமினியச் சட்டியில் தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைத்தாள். ஏன் இந்த இரட்டை வேலை என்றால், அதற்கு ஒரு கதை இருக்கிறது.

மாரியம்மன் திருவிழா முடிந்த கையோடு பெரிய துரை, காலையில் பேர் வாசிக்கிற பெரட்டுக் களத்தில் மேசை போட்டு, வீட்டுக்கு ஒன்றாய் இந்த அடுப்புகளைக் கொடுத்தார். போட்டோவும் பிடித்தார்கள். தோட்டத்துக்கு ஏதோ பசுமைச் சான்றிதழ் வரப்போகிறதாம், வெளிநாட்டில் தேயிலை வாங்குகிறவர்கள் லயத்துப் புகையைக் கூடக் கணக்குப் பார்க்கிறார்களாம். இனிமேல் புகை இல்லை, கண்ணெரிச்சல் இல்லை என்று துரை அடுக்கிக்கொண்டே போனார், நடுவில் எல்லாரும் ஒரே நேரம் போடாமல் முறை வைத்துப் போடுங்கள் என்றும் சொன்னார். கைதட்டினார்கள். கடைசியில், 'அதனாலே இனிமேல் விறகும் தேவையில்லை' என்றார். அதற்கும் சிலர் கைதட்டிவிட்டார்கள். அதுதான் போங்கள், வசமாக மாட்டிக்கொண்ட இடம்.

கவ்வாத்து வெட்டிய மலையில் விழுந்து கிடக்கிற தேயிலைக் குச்சி மார்களைக் கட்டிக் கட்டித் தலையில் சுமந்து வருவது இந்த லயத்துக்குப் பாட்டன் பூட்டன் காலத்து உரிமை. யாரும் கொடுத்த பிச்சை இல்லை. அடுப்பு கொடுத்த மறுநாளே அந்த மலைக்குக் காவல்காரன் வந்துவிட்டான். மார்க் கட்டுகளெல்லாம் லொறியில் ஏறி, தேயிலை பதப்படுத்துகிற ஸ்டோருக்குப் போயின. அங்கே கொழுந்து காயவைக்கிற பெரிய அடுப்பில் அதையெல்லாம் அள்ளிப் போடுகிறவன் அந்தோனிமுத்து, முதல் காம்பராவில் இருக்கும் சுகிர்தத்தின் புருஷன். லயத்துப் புகை ஆகாது, ஸ்டோர்ப் புகை மட்டும் ஆகும் போல.

அடுப்பு கொடுத்த அன்றைக்கு, தீயில்லாமல் எப்படிக் கொதிக்கும் என்று பெண்கள் கேட்டதற்கு, ஸ்டோரில் கரண்டு வேலை பார்க்கிற சுமன்தான் விளக்கம் சொன்னான்.

"கண்ணாடிக்குக் கீழ செம்புக் கம்பி சுருளாச் சுத்தியிருக்குங்க. அதுல கரண்டு முன்னயும் பின்னயுமா ஓடிக்கிட்டே இருக்கும், கண்ணு மூடித் தொறக்குறதுக்குள்ள ஆயிரம் வாட்டி. அதுல ஒரு காந்த சக்தி எழும்பி எழும்பி அடங்கும். மேல இரும்புச் சட்டிய வச்சீங்கன்னா, அந்தக் காந்தம் சட்டியோட அடிக்குள்ளயே ஒரு கரண்டக் கெளப்பி விட்டுரும். அதுக்கு வெளிய போக வழி கெடையாது. அடிக்குள்ளயே வட்டம் வட்டமாச் சுத்தும். இரும்பு அத லேசுல ஓட விடாது. அந்த இழுபறியிலதான் சூடு பொறக்குது. அடுப்பு காயாது, சட்டிதான் காயும்."

எங்கேயும் போய்ச் சேராமல் சுற்றிச் சுற்றி வந்து காய்வதென்றால் அது நம்ம பிழைப்புதானே என்றாள் ஜீவராணி. களமே சிரித்தது. கண்டாக்கு சின்னராசா கூட வாயைப் பொத்திக்கொண்டார்.

வீட்டுக்குக் கொண்டுபோய் வைத்தபிறகு அந்தச் சிரிப்பு போய்விட்டது. லயத்தில் இருப்பதெல்லாம் அலுமினியச் சட்டி. அலுமினியம் கரண்டை லேசாக ஓடவிட்டுவிடும், சூடு பிடிக்காது. சட்டியே இல்லை என்று நினைத்து அடுப்பு கத்திவிட்டு நின்றுவிடும். இரும்படி வைத்த சட்டி அட்டன் டவுன் கடையில் விற்கிறது, வாங்கத்தான் யாரிடமும் காசு இல்லை. தோட்டத் தலைவர் பழனியாண்டிக்கு மட்டும் மகன் கொழும்பிலிருந்து கொண்டுவந்து கொடுத்தான். மற்றவர்கள் அடுப்பைச் சாமிப் படத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்போதுதான் ஜீவராணிக்கு அந்த யோசனை வந்தது. இரும்பைத்தானே கேட்கிறது? ரொட்டிக்கல் இரும்புதானே? கல்லைக் கீழே வைத்துச் சட்டியை அதன் மேல் வைத்தாள். கல் காய்ந்தது, கல்லின் சூட்டில் சட்டி கொதித்தது. அடுத்த காம்பரா சுகிர்தத்தைச் சுவருக்கு இந்தப் பக்கமிருந்தே கூப்பிட்டு வரவழைத்துக் காட்டினாள். சாயந்தரத்துக்குள் லயம் முழுக்க அந்த வித்தை பரவிவிட்டது. கொஞ்ச நாள் ஜீவராணிக்கு அதில் பெருமைதான், பொய் சொல்லக் கூடாது.

அந்த மழைநாள் விடியலில் தண்ணீர் கொதிக்கிற நேரத்தில் பல்பு மங்கியது. பிறகு துடித்தது. பிளாஸ்டிக் கருகுகிற நாற்றம் மூக்கில் ஏறியது. ஜீவராணி முதலில் தன் அடுப்பைத்தான் பார்த்தாள். அதற்குள் சுவருக்கு அப்பால், சுகிர்தத்தின் கூரைக்குள் 'பட பட'வென்று ஏதோ வெடித்தது. கரண்டு போய் லயம் இருண்டது. சுகிர்தத்தின் காம்பராவிலிருந்து மட்டும் வெளிச்சம் வந்தது.

ஓடிப்போய்ப் பார்த்தால், கூரைக்குக் கீழே குளிருக்கு அடித்திருந்த சாக்கு விரிப்பு பற்றி எரிகிறது. சுகிர்தத்தின் புருஷன் ஸ்டோரில் ராவேலை, பிள்ளைகள் வெளியே வந்துவிட்டார்கள். அவள் உள்ளே நிற்கிறாள். தோட்டம் கொடுத்த அடுப்பு, எரிந்து போனால் யார் பதில் சொல்வது என்று அதைக் காப்பாற்றப் பார்க்கிறாள், பாவி. சட்டியைத் தள்ளிவிட்டு, அடுப்பின் மேலிருந்த ரொட்டிக்கல்லை வெறுங்கையால் பிடித்துவிட்டாள். கரண்டு போய்விட்டது, அடுப்பில் தீயும் இல்லை. கல் மட்டும் ஏன் சுடப்போகிறது என்று அவள் கை நினைத்துவிட்டது. விறகடுப்பென்றால் தணல் கண்ணுக்குத் தெரியும், கை தானாகவே துணியைத் தேடும். இந்தச் சூடு கண்ணுக்குத் தெரியாத சூடு. சுகிர்தம் போட்ட சத்தம் ஜீவராணியின் காதில் அப்புறம் எத்தனையோ நாளைக்கு நின்றது.

ஆண்கள் தகரத்தைப் பிய்த்துப் பீலித் தண்ணீரை ஊற்றித் தீயை அணைத்தார்கள். மழையும் கை கொடுத்தது. சுமன் ஓடிவந்து லயத்துக்கு வருகிற கரண்டைக் கம்பத்திலேயே வெட்டிவிட்டுப் போனான். சுகிர்தத்தின் வலது உள்ளங்கை வெந்து வெளுத்திருந்தது. கொழுந்து பறிக்கிற கை. ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியெல்லாம் ஜீவராணி அவளைத் தோளில் சாய்த்துக்கொண்டு, நான்தானே அக்கா சொல்லிக் கொடுத்தேன், நான்தானே சொல்லிக் கொடுத்தேன் என்று புலம்பியபடியே வந்தாள். சுகிர்தம் வெந்த கையை மழையில் நீட்டியபடியே வந்தாள்.

மறுநாள் பெரட்டுக்குத் துரையே வந்தார். ஜீப்பை விட்டு இறங்கிக் குடைக்குள் நின்றபடி, தமிழில்தான் பேசினார். நிதானமாகவும் பேசினார்.

அடுப்புக்கென்று சொன்ன சட்டியை வைக்காமல் இரும்புக் கல்லை வைத்ததால் அடுப்பு சூடேறி லயமே எரியப் பார்த்தது. தோட்டத்துச் சொத்துக்கு நட்டம். முதல் காம்பரா பூட்டப்படும். சுகிர்தம் குடும்பம் வேறு இடம் பார்த்துக்கொள்ள வேண்டும். அதுவரைக்கும், வேலை நேரத்தில் குழந்தைகளை விடுகிற பிள்ளைக் காம்பராவில் படுத்துக்கொள்ளலாம். அவள் பேரும் இன்றோடு பெரட்டில் இல்லை, வேலையும் இல்லை. இப்படியே சொல்லிக்கொண்டு போனவர், கடைசியில் எல்லாரையும் ஒருமுறை பார்த்தார்.

"வேற யாரும் இப்படிக் கல்லு வச்சதா? வச்சது என்றால் அந்தக் காம்பராவும் பூட்ட வேணும். இல்லை, அந்தப் பொம்பளை மட்டும்தான் என்றால் இதோட விசயம் முடிஞ்சது. நாளைக்கே கரண்டு குடுக்கிறேன். யோசிச்சுத் தலைவர் கிட்ட சொல்லுங்க."

அவ்வளவுதான். எப்படிப் பிரிக்க வேண்டும் என்பதை எங்கேயோ படித்துவிட்டுத்தான் வருகிறார்கள்.

அன்றைக்கு மலையில் யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. மழை முதுகில் இறங்கியது. அட்டை காலில் ஏறியது. கூடை நனைந்து கனத்தது. ஒன்பது வீட்டுப் பெண்களுக்கும் ஒரே யோசனை: நம்ம காம்பராவும் போய்விட்டால் பிள்ளைகளை எங்கே கொண்டுபோய் வைப்பது? வீட்டில் விறகு இல்லை, கரண்டு இல்லை, காலையில் பச்சைத் தண்ணீரைக் குடித்துவிட்டு வந்திருக்கிறார்கள். மத்தியானம் தலைவர் பழனியாண்டி மெதுவாக வந்து, ஒரு குடும்பத்தோடு போனால் லயமே தப்பிக்கும், அவர்களுக்கு நாம் பின்னால் ஏதாவது செய்துகொள்ளலாம் என்றார். அவர் கெட்டவர் இல்லை. இருபது வருஷமாகத் துரைமார்களோடு பேசிப் பேசி அலுத்துப்போன மனுஷன்.

ஜீவராணி கூடையைத் தூக்கிக்கொண்டு அடுத்த வரிசைக்குப் போனாள். அவளுக்குள் வேறொன்று அரித்துக்கொண்டிருந்தது. வித்தையைச் சொல்லிக் கொடுத்தவள் அவள். வீடு போகிறது அக்காவுக்கு. வாயைத் திறந்தால் தன் காம்பராவும் போகும், சர்மிளாவுக்கு அடுத்த மாதம் பரீட்சை. திறக்காவிட்டால் அந்தச் சோற்றை எப்படித் தின்பது?

கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்தவள், வெளிச்சம் இருக்கும்போதே, இன்னும் பூட்டு விழாத முதல் காம்பராவுக்குப் போனாள். சுகிர்தத்தின் துணிமணி ஏதாவது மிச்சம் இருந்தால் எடுத்துக் கொடுக்கலாம் என்றுதான் போனாள். வேறெந்த எண்ணமும் இல்லை. உள்ளே போய்ப் பார்த்தால், அடுப்பு அப்படியே இருக்கிறது. கண்ணாடியில் ஒரு கீறல், அவ்வளவுதான். அது வைத்திருந்த பலகை கூடக் கருகவில்லை. அதன் மேல் சுகிர்தத்தின் கல் கிடந்தது; அதைப் பார்க்கவே அவளால் ஆகவில்லை. எரிந்தது மேலே. கூரை மரத்தோடு ஓடிய வயர் உருகி, கம்பி அம்மணமாகத் தொங்கியது. தீ மேலேயிருந்து கீழே வந்திருக்கிறதே தவிர, கீழேயிருந்து மேலே போகவில்லை.

அவள் அந்த வயர் போகிற வழியைக் கண்ணால் தொடர்ந்தாள். வெளிக் கம்பத்திலிருந்து அது முதல் காம்பராவின் கூரைக்குள் வருகிறது. சுவர்ப் பொந்து வழியாக அவளுடைய காம்பராவுக்குப் போகிறது. அங்கிருந்து அடுத்ததுக்கு, அங்கிருந்து அதற்கடுத்ததுக்கு. வீட்டுக்கு ஒரு பல்பு போட்ட காலத்தில் இழுத்த வயர். லயத்துக்கு மேலே வானத்தை மறித்துக்கொண்டு ராட்சதக் கோபுரங்களில் கரண்டு கொழும்புக்குப் போகிறது, இந்த மலையில் விழுகிற தண்ணீரில் எடுத்த கரண்டு. பத்து வீட்டுக்கு வருவது மட்டும் இந்த ஒற்றை வயரில்.

தன் காம்பராவுக்கு ஓடி, முக்காலி போட்டு ஏறிச் சாக்கைக் கிழித்தாள். அங்கேயும் வயர் உருகி மரத்தோடு ஒட்டிக் கிடந்தது. மூன்றாவது காம்பரா அம்மாக்கண்ணுவைக் கூப்பிட்டு ஏறிப் பார்க்கச் சொன்னாள். அங்கேயும் கறுப்பு. நாலாவது, ஐந்தாவது. ஆண்களும் பெண்களுமாய் ஒவ்வொருவரும் அவரவர் கூரையைப் பிய்த்துப் பார்க்கத் தொடங்கினார்கள். தூர இருக்கிற காம்பராவுக்குப் போகப் போகக் கருகல் குறைந்தது, ஆனால் இல்லாமல் போகவில்லை. ஆறாவது பழனியாண்டியின் காம்பரா. அவர் வாசலில் நின்று தடுத்துப் பார்த்தார், தான் கல்லே வைத்ததில்லையே என்றார். அதனால்தான் பார்க்க வேண்டும் என்றாள் ஜீவராணி. அவரே ஏறினார். இறங்கும்போது கையில் உருகிய வயர்த் துண்டு ஒன்று இருந்தது. அவர் நேரே இஸ்தோப்புத் திண்ணையில் போய் உட்கார்ந்துவிட்டார்.

"தலைவரே, கல்லு வச்ச வீடும் கருகியிருக்கு, வைக்காத வீடும் கருகியிருக்கு. நம்ம எல்லாரோட கரண்டும் சுகிர்தக்கா கூரை வழியாத்தான் வருது. அவங்க கூரை மொதல்ல இருந்துச்சு, மொதல்ல எரிஞ்சுச்சு. நாளைக்குக் கரண்டு குடுத்தா அடுத்தது என் கூரை. அப்புறம் ஒவ்வொண்ணா உங்க கிட்ட வரும்" என்றாள் ஜீவராணி. அவளுக்குக் கோபத்தில் சத்தம் போடக்கூடத் தெம்பில்லை. களைத்துப்போன குரலில்தான் சொன்னாள்.

பழனியாண்டி வயர்த் துண்டை விரலில் உருட்டிக்கொண்டே இருந்தார். பிறகு, நாளைக்குப் பெரட்டில் எல்லாரும் என் பின்னால் நிற்பீர்களா என்று கேட்டார். பின்னால் இல்லை, பக்கத்தில் நிற்கிறோம் என்றாள் அம்மாக்கண்ணு.

காலையில் மழை தூறலாகியிருந்தது. துரை ஜீப்பில் வந்து, என்ன முடிவு என்று பழனியாண்டியைக் கேட்டார். அவர் வாயெடுப்பதற்குள் ஜீவராணி முன்னால் வந்தாள்.

"கல்லு வைக்கச் சொல்லிக் குடுத்தது நாந்தாங்க தொரை. அக்கா கை வெந்தது என்னால. அத நான் சாகுற வரைக்கும் சொமப்பேன். ஆனா கூரை எரிஞ்சது கல்லால இல்லீங்க."

துரை புன்னகை செய்தார். ஒப்புக்கொண்டதற்குச் சந்தோஷம், ரெண்டாவது காம்பராவையும் பூட்டலாம் என்று கண்டாக்கு சின்னராசாவிடம் சொன்னார். அப்போது பழனியாண்டி வயர்த் துண்டை ஜீப்பின் முன்பக்கத்தில் வைத்தார். தன் வீட்டில் இரும்படிச் சட்டிதான், கல் வைத்ததே இல்லை, இது தன் கூரையில் எடுத்தது என்றார். அவருக்குப் பின்னாலிருந்து ஒவ்வொரு வீட்டு ஆளும் வந்து அவரவர் கூரைத் துண்டை அதன் பக்கத்தில் வைத்தார்கள்.

துரையின் முகம் இறுகியது. "இதுக்குத்தான் நான் முதலே சொன்னது. எல்லாரும் ஒரே நேரம் போட வேணாம், முறை வச்சுப் போடுங்க என்று. பத்து அடுப்பும் ஒரே நேரம் போட்டால் எந்த வயர் தாங்கும்?"

அம்மாக்கண்ணு கூடையை இறக்கி வைத்தாள்.

"பெரட்டு பத்து வீட்டுக்கும் ஒரே நேரந்தானுங்களே தொரை. கொஞ்சம் பிந்துனா அரைப் பேர் போட்டுச் சம்பளத்த வெட்டுறீங்க. அப்ப பெரட்டையும் மொற வச்சுப் போடுங்க. மொதக் காம்பரா விடியவும் வரட்டும், கடைசிக் காம்பரா மத்தியானம் வரட்டும். நாங்களும் அடுப்ப மொற வச்சே போடுறோம்."

வேலைக்குப் போகிறவர்கள் போகலாம், போகாதவர்களுக்கு இன்றைக்குப் பேர் கிடையாது, நாளைக்கும் கிடையாது என்று சொல்லிவிட்டுத் துரை ஜீப்பில் ஏறினார். வண்டி திரும்பும்போது வயர்த் துண்டுகள் சேற்றில் விழுந்தன. பழனியாண்டி குனிந்து பொறுக்கினார். புது வயர் இழுக்கிற வரைக்கும், முதல் காம்பராவுக்குக் கூரை போடுகிற வரைக்கும், கவ்வாத்து மலை மாரை விறகுக்கு எடுக்கவிடுகிற வரைக்கும் மலை ஏறுவதில்லை என்றார். சொல்லிவிட்டு அவர் முதலில் தரையில் உட்கார்ந்தார். படங்கை விரித்து எல்லோரும் உட்கார்ந்தார்கள். பெரட்டுக்கு வந்திருந்த மேல் பிரிவுப் பெண்கள் சிலர் நின்று யோசித்தார்கள், பிறகு அவர்களும் உட்கார்ந்தார்கள். நாளைக்கு என்ன ஆகும் என்று ஒருவருக்கும் தெரியாது. ஜீவராணிக்கு இடுப்பு கடுத்தது, பசி வேறு. இப்படி உட்கார்ந்தே எத்தனை காலமாயிற்று என்று தோன்றியது.

சின்னராசாவுக்குத் துரை சொன்னபடி பேர் வாசித்தாக வேண்டும். வராத ஆளை வரவில்லை என்று போடுவது அவர் உத்தியோகம். அவரும் என்ன செய்வார், அவருக்கும் தோட்டத்து வீடுதான். முதல் காம்பராப் பேரை விட்டுவிட்டு, ஜீவராணியின் பேரிலிருந்து தொடங்கினார். அவள் பதில் சொல்லவில்லை. மறுபடியும் வாசித்தார்.

"முன்னுக்கு ஒரு பேரு விட்டுட்டீங்க ஐயா. அத வாசிச்சிட்டு வாங்க" என்றாள் ஜீவராணி.

அடுத்த பேரை வாசித்தார். பதில் இல்லை. அதற்கடுத்ததுக்கும் இல்லை. சின்னராசா துரையின் பங்களாப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். கீழே பிள்ளைக் காம்பராவின் ஜன்னலைப் பார்த்தார். அங்கே சுகிர்தம் கட்டுப் போட்ட கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றிருந்தாள். பிறகு, பங்களாவுக்குக் கேட்காத மாதிரி மெல்ல வாசித்தார்.

"சுகிர்தம்."

"இருக்காங்க" என்று களம் முழுவதும் ஒரே குரலில் சொன்னது. சின்னராசா பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு, அதை எழுதுவதா வேண்டாமா என்று தெரியாமல் அப்படியே நின்றார்.